சிக்னேச்சர் கிட்டார் வாங்கும் முன்: பிடித்தவரின் டோனை நெருங்கும் வழி

டேவிட் கில்மோர் ஒரே ஒரு நோட்டை நீட்டி வளைப்பதைக் கேட்டுவிட்டு, அந்தச் சத்தம் நம் கிட்டாரிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இந்த அத்தியாயம். ஆசை மாண்டலின் ஸ்ரீநிவாஸின் நாதத்தின் மீது இருந்தாலும் வழி இதுதான். உங்களிடம் ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரும் ஐந்து அல்லது பத்து வாட் ஆம்ப் ஒன்றும் இருக்கின்றன, காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் திருப்பருத்திக்குன்றம் போல வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பல லட்சம் போட்டு சிக்னேச்சர் மாடல் வாங்க நினைப்பவரும் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

அந்தப் பெயருக்கு நீங்கள் கொடுப்பது என்ன?

சிக்னேச்சர் மாடல் என்பது ஒரு கலைஞரின் பெயரோடும் அவர் கேட்ட அளவுகளோடும் வரும் கிட்டார். கிப்சன் கம்பெனி 1952இல் லெஸ் பால் பெயரில் வெளியிட்டதுதான் இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற முதல் எலெக்ட்ரிக். ஐபனெஸ் 1987இல் ஸ்டீவ் வாய்க்காக ஜெம் மாடலைக் கொண்டுவந்தது. ஃபெண்டர் 1988இல் எரிக் கிளாப்டன் பெயரில் ஸ்ட்ராட்டோகாஸ்டரை விற்கத் தொடங்கியது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு நெக்கின் வடிவத்துக்கும் பிக்கப்புக்கும் நல்ல வேலைப்பாட்டுக்கும் போகிறது. இன்னொரு பங்கு பெயருக்குப் போகிறது. முதல் பங்கு உங்களுக்கு உண்மையிலேயே உதவும். இரண்டாவது பங்கு டோனில் கேட்காது.

கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் நியூயார்க்கில் ஒரு கடையில் வாங்கியது. அதன் பிறகு நெக்கை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், டிரெமோலோவை மாற்றினார், மறுபடியும் பழையதைப் பொருத்தினார். 2008இல் ஃபெண்டர் அதைப் பார்த்து சிக்னேச்சர் மாடல் செய்தது. அசல் கிட்டார் 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அப்படியானால் நீங்கள் கேட்டு மயங்கியது எந்த வருஷத்துக் கறுப்பு ஸ்ட்ராட்? நீங்கள் கேட்ட இசைத்தட்டில் கிட்டார் மட்டும் இல்லை. ஹைவாட் ஆம்ப், பிக் மஃப் பெடல், டிலே, ஸ்டுடியோ அறை, மைக் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம்.

எடி வான் ஹேலன் தன் 'ஃபிராங்கென்ஸ்ட்ராட்'டைத் தனித்தனியாக வாங்கிய மலிவான பாகங்களை வைத்துத் தானே பூட்டிக்கொண்டார். பிரையன் மே 1963இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியதுதான் ரெட் ஸ்பெஷல். அதன் நெக்குக்கு மரம் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. பிளாஸ்டிக் பிக்குக்குப் பதில் ஆறு பென்னி நாணயத்தால் மீட்டுவார். இன்று பெரும் விலைக்கு விற்கும் மாடல்கள் பலவற்றுக்கு மூலம், கையில் இருந்ததை வைத்துச் செய்த கருவிதான்.

நம் பக்கம் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. வழக்கமான மாண்டலினில் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவருவது கடினம். யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு முடிவுதான் அவருடைய நாதத்துக்கு வாசல். ஜான் மெக்லாஃப்லின் சக்தி குழுவில் எல். சங்கரோடும் விநாயக்ராமோடும் வாசித்தபோது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டாரைப் பயன்படுத்தியதும் இதே காரணத்துக்காக. தேவை என்ன என்று முதலில் தெரிந்துகொண்டு கருவியை அதற்கு ஏற்ப மாற்றியவர்கள் இவர்கள். நமக்கும் அந்த வரிசைதான் வேண்டும்: காது, கை, கம்பி, பிக்கப், ஆம்ப், அதற்குப் பிறகே புதுக் கிட்டார்.

கோர்வைச் சேலையின் டிசைன் அட்டையை மட்டும் வாங்கி வந்தால் சேலை வந்துவிடாது, கரையையும் உடலையும் கோர்க்கும் கை வேண்டும் என்பதைத் தறி உள்ள வீட்டில் பிறந்தவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வேலையைத் தொடங்குவோம்

1. ஒரே பாட்டில் ஒரே ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். இருபது விநாடி போதும். 'கில்மோர் டோன்' என்று பொதுவாகத் தேடினால் எங்கும் போய்ச் சேர முடியாது, ஏனென்றால் ஆல்பத்துக்கு ஆல்பம் அவர் டோன் வேறு. நம் சினிமாப் பாட்டிலிருந்து எடுத்தால் அது எலெக்ட்ரிக்கா அக்கூஸ்டிக்கா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை டிஸ்டார்ஷன் போட்டு வாசித்துவிட்டு "வரலையே" என்று வருந்தும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அக்கூஸ்டிக். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இளையராஜாவுக்கு வாசித்த சந்திரசேகர், சதானந்தம் போன்றவர்களின் கிட்டாரைக் கேட்டுத்தான் நம் காது வளர்ந்தது. அதைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிட்டாரின் கம்பெனிப் பெயர் தெரியும்?

2. ஹெட்போனில் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பிக்கா, விரலா? கிளீனா, கொஞ்சம் கரகரப்பா, முழு டிஸ்டார்ஷனா? ஒரே கிட்டாரா, இடது வலது காதுகளில் இரண்டு கிட்டார்களா? நோட்டு நின்ற பிறகு எதிரொலி திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது பெரிய மண்டபத்தில் போலக் கரைந்து போகிறதா?

3. சுருதியைச் சரிபாருங்கள். ஹெண்ட்ரிக்ஸும் வான் ஹேலனும் பல பாட்டுகளில் கிட்டாரை அரை சுரம் இறக்கி வைத்து வாசித்தவர்கள். அதனால் கம்பி தளர்கிறது, வளைவு எளிதாகிறது, சத்தமும் தடிக்கிறது. இதைக் கவனிக்காமல் மூன்று பெடல் வாங்கினாலும் பொருந்தாது.

4. கையைப் பழக்குங்கள். இந்தப் படியில்தான் அதிக நாள் போகும். போகட்டும், தவறில்லை.

மார்க் நாஃப்ளர் பிக் பிடிப்பதில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். அவர் பெயர் பொறித்த கிட்டாரைப் பிக்கால் மீட்டினால் அது நாஃப்ளர் இல்லை. கையால் சுண்டும் இடமும் முக்கியம். பிரிட்ஜ் அருகில் மீட்டினால் கூர்மை, நெக் பக்கம் நகர்ந்தால் உருண்டை. ஒரே நோட்டை மூன்று இடங்களில் மீட்டிப் பதிவு செய்து கேளுங்கள். எந்த பெடலும் இல்லாமல் மூன்று டோன் கிடைக்கும்.

வளைவுக்கு இப்படிப் பயிற்சி செய்யுங்கள்: மூன்றாம் கம்பியில் ஒன்பதாம் ஃப்ரெட்டை முதலில் வாசித்துக் காதில் நிறுத்துங்கள். பிறகு ஏழாம் ஃப்ரெட்டை அழுத்தி, அதே சுரம் வரும்வரை கம்பியைத் தள்ளுங்கள். ஒரு விரலால் தள்ளாதீர்கள், பின்னால் இரண்டு விரல்கள் துணைக்கு இருக்கட்டும், திருப்பம் மணிக்கட்டிலிருந்து வரட்டும். சேர்ந்த பிறகு அந்த சுரத்திலேயே நிற்க வேண்டும். பாட்டுக் கிளாஸுக்குப் போனவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. சுரம் சேரவில்லை என்றால் அவர்களுக்கு உடனே உறுத்தும். அந்த உறுத்தலை நம்புங்கள்.

எச்சரிக்கை: மெக்லாஃப்லினையோ யங்வி மால்ம்ஸ்டீனையோ பார்த்து, அரம் எடுத்து உங்கள் ஃப்ரெட்போர்டை நீங்களே குடையாதீர்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. குடைந்த போர்டில் சற்று அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். மெல்லிய கம்பி போட்டாலே பாதி வசதி வந்துவிடும்.

5. கம்பியும் செட்டப்பும். பழைய, துருவேறிய கம்பியில் எந்தக் கலைஞரின் டோனும் வராது. 9 அல்லது 10 செட் போடுங்கள். பிறகு இந்த ஒழுங்கில் செல்லுங்கள்:

நெக் வளைவு முதலில். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்குக் கீழே இடைவெளி பாருங்கள். கால் மில்லிமீட்டர் போதும். அதிகமாக இருந்தால், நெக்குக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். சரியான அளவு ஆலன் கீ இல்லையென்றால் தொடவே வேண்டாம். இறுக்கமாக இருந்தால் வம்பு பண்ணாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து கம்பியின் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஏறத்தாழ 1.6 முதல் 2 மி.மீ. மிகத் தாழ்த்தினால் கம்பி ஃப்ரெட்டில் உரசி நோட்டு சீக்கிரம் செத்துவிடும்.

கடைசியாக இன்டொனேஷன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் அழுத்திய நோட்டும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய நோட்டு ஏறியிருந்தால் பிரிட்ஜின் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே ஈரமாக இருக்கும். இரண்டு பருவத்துக்கும் நெக் அசையும். வருஷத்துக்கு இரண்டு முறை இந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழேயும் ஈரச் சுவரில் சாய்த்தும் கிட்டாரை வைக்கக் கூடாது. உறையில் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு வையுங்கள்.

6. பிக்கப்பின் உயரம். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முடிகிற வேலை, ஆனால் பலரும் தொடுவதே இல்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சிங்கிள் காயிலில் தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. அளவில் தொடங்கலாம். மிக நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து சுருதியைக் கெடுக்கும். பிறகு கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழை 7க்கு இறக்கிக் கேளுங்கள். நீங்கள் தேடிய டோன் அங்கேயே ஒளிந்திருப்பது உண்டு. ஸ்ரீநிவாஸ் போன்ற தெளிவான நாதம் வேண்டுமென்றால் நெக் பிக்கப், டிஸ்டார்ஷன் இல்லாமல், டோன் குமிழைச் சற்றே குறைத்து.

7. ஆம்ப். பேஸ், மிட், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, கெய்னைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து சற்று இறக்குங்கள். இசைத்தட்டில் பிரம்மாண்டமாகக் கேட்பது பெரும்பாலும் கெய்ன் அல்ல, ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து அடுக்கியது. தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் இனிமையாக இருக்கும். பாட்டோடு சேர்த்தவுடன் கிட்டார் காணாமல் போய்விடும். அதனால் டோன் வைப்பதைப் பாட்டை ஓடவிட்டே செய்யுங்கள்.

ஆம்ப் இல்லையென்றால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் கம்ப்யூட்டரும் போதும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதோடு, ஸ்பீக்கர் பெட்டியின் ஓசையைக் கொண்டுவரும் கோப்பான கேபினெட் ஐ.ஆர். சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக ஹோம் தியேட்டரில் விட்டால் காதைக் குடையும் இரைச்சல்தான் வரும். பலர் கிட்டாரைக் குறை சொல்லிப் புதியது வாங்குவது இந்த இடத்தில்தான்.

8. எஃபெக்ட். வரிசை: டியூனர், கம்ப்ரஸர், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, ரிவர்ப். டிலேயின் நேரத்துக்குக் கணக்கு உண்டு. 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500 மில்லிவிநாடி.

ரிவர்ப் எவ்வளவு வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. திருப்பருத்திக்குன்றத்தின் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டியது. அங்கே யாராவது சாதாரணமாகப் பேசும்போது கண்ணை மூடி நில்லுங்கள். சொல் முடிந்த பிறகு கல் அதை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் ரிவர்ப் குமிழை அந்த ஞாபகத்தில் திருப்புங்கள். ஆம்பையோ ஸ்பீக்கரையோ அங்கே கொண்டுபோகாதீர்கள். வழிபடும் இடம், விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு சொல்லும் பழைய ஓவியங்கள் உள்ள இடம்.

9. பதிவு செய்து ஒப்பிடுங்கள். அக்கம்பக்கத்துத் தறிகள் ஓயும் சாப்பாட்டு நேரம் இதற்கு நல்லது. போன் போதும். அசலையும் உங்களுடையதையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும், அது காதின் மயக்கம். வித்தியாசம் எங்கே என்று எழுதிக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு குமிழை மட்டும் மாற்றுங்கள்.

மின்சாரம்: இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

சிங்கிள் காயில் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்' ஓசையை இழுக்கும். திரும்பி உட்கார்ந்தாலே அது குறையும். டியூப்லைட், மோட்டார், சார்ஜர் பக்கத்திலிருந்து விலகுங்கள். ஓசையை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. கிட்டாரின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை. ஆம்பில் கோளாறு வந்தால் மின்சாரம் உங்கள் விரலுக்கு வரும்.

பழைய வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட் இன்னும் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். புது பெடல் வாங்குவதற்கு முந்தைய செலவு இது.

திருவிழா மேடையில் வாசிக்கிறீர்களா? மைக் செட் ஒரு ஜெனரேட்டரிலும் உங்கள் ஆம்ப் வேறு லைனிலும் ஓடினால், கம்பியைப் பிடித்தபடி உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கலாம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். லேசாகச் சுரீரென்றாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு இறங்குங்கள், மைக் செட் அண்ணன் என்ன சொன்னாலும் சரி.

வால்வு ஆம்பின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஓட்டவும் கூடாது. வான் ஹேலன் தன் மார்ஷல் ஆம்பை வேரியாக் மூலம் மின்னழுத்தம் மாற்றி ஓட்டினார் என்று படித்துவிட்டு வீட்டு ஸ்டெபிலைசரில் கைவைக்காதீர்கள்.

பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டரைச் செருகினால் கருகிவிடும்.

காதும் முக்கியம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பயிற்சி முடிந்ததும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால் அன்றைய சத்தம் அதிகம். கம்பி மாற்றும்போது முழுவதும் தளர்த்திவிட்டு வெட்டுங்கள். வெட்டிய முனை கண்ணைத் தேடி வரும்.

அதற்குப் பிறகும் சிக்னேச்சர்தான் வேண்டுமா?

வேண்டும் என்றால் வாங்குங்கள். நல்ல கருவி மேல் ஆசைப்படுவது குற்றமில்லை. நெக் உங்கள் கைக்குப் பொருந்துகிறது, அந்த வகைப் பிக்கப் உங்கள் இசைக்குத் தேவை என்று தெரிந்தால் சிக்னேச்சர் மாடல் நல்ல முதலீடு. அதே பெயரில் மலிவான தம்பி மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி.ஆர்.எஸ். கம்பெனி 2018இல் ஜான் மேயருக்காக சில்வர் ஸ்கை கொண்டுவந்தது, 2022இல் அதையே எஸ்.இ. வரிசையில் மிகக் குறைந்த விலைக்கு விட்டது. பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

போலிகள் ஏராளம். கிப்சன் என்று ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வந்தால், தலைப்பகுதியில் டிரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டைப் பாருங்கள். அசலில் இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் விலகிவிடுங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனிக்கே எழுதிக் கேட்கலாம். கையில் எடுத்துப் பார்க்காமல் பழைய கிட்டாருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா கொண்டுவருவதாகச் சொன்னால், சுங்க வரியையும் கணக்கில் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள், பில்லை வாங்கி வையுங்கள். ஃப்ரெட்போர்டு ஈட்டி மரமானால் பயம் வேண்டாம். அரிய மரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் விதியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டி மட்டும் விலக்கில் சேராது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை 75 கிலோமீட்டர். அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிகல் மாதிரியான கடைக்கு நேரில் போங்கள். உங்கள் கிட்டாரையும் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே ஆம்பில், ஒரே செட்டிங்கில் செருகச் சொல்லி, நண்பரை மாற்றி மாற்றி வாசிக்கவிட்டு நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். எது எது என்று பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்ல முடிந்து, விலை உயர்ந்ததே பிடித்தும் இருந்தால் வாங்கலாம். சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல பிக்கப் ஒன்றும் இரண்டு செட் கம்பியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.